கால்மாற்று

பணிக்கு முந்தைய ஆறு மணி நேரம் மருதவாணன் எதையும் சாப்பிடுவதில்லை. வெந்நீர் மட்டும் இரண்டு மிடறு. பிறகு பஞ்சால் இரண்டு காதுகளையும் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, வெறுங்காலோடு சுற்றறைக்குள் நுழைவான். உள்ளே தரையில் ஒரு வட்டத் தகடு. எதிரே ஒரு திரை. தகட்டின் மேல் ஏறி, இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு நின்றுவிட்டால் வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். நிற்பதுதான் அவன் வேலை.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் சனியின் நிலாவான டைட்டனில் நிற்பது அத்தனை எளிதல்ல. நம் காதுக்குள், கேட்கும் பகுதியை ஒட்டி, நீர் நிறைந்த மூன்று குட்டி வளையங்களும் மணலைவிடப் பொடியான சில கற்களும் இருக்கின்றன. தலை சாய்ந்தால் அந்தக் கற்கள் சரியும். கல் சரிந்த திசையை வைத்துத்தான் மூளை நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று கண்டுகொள்கிறது. டைட்டனிலோ எல்லா எடையும் ஏழில் ஒரு பங்கு. கல்லுக்கே கனமில்லாதபோது அது எப்படிச் சரியும்? அதனால்தான் சுற்றறை. நானூறு மீட்டர் ஆரத்தில் போட்ட வளையத் தண்டவாளத்தின் மேல் அந்த அறை நாற்பது நொடிக்கு ஒரு சுற்று ஓடும். ஓடும் வேகத்தில் உள்ளே இருப்பவனுக்குப் பூமியின் எடை திரும்பிவிடும். காதுக் கற்களுக்கும்தான்.

அந்த எடை அவனுக்காக அல்ல. ஏரிக்கரையில் நிற்கும் பேருடலுக்காக.

டைட்டனின் ஏரிகளில் தண்ணீர் கிடையாது, திரவ மீத்தேன். அடியில் தார் போன்ற சேறு. சக்கரம் வைத்த எதுவும் அதில் இறங்கினால் எழாது. குழாய் பதிக்கவும் பாறை நகர்த்தவும் கால் வைத்து நடக்கிற யந்திரம்தான் வேண்டும். நாற்பது மீட்டர் உயரம், இரண்டு கை, இரண்டு கால். பழைய ஆட்கள் அதை ரோபோ என்பார்கள். அது சரியில்லை. ரோபோ தானே நடக்கும்; பேருடல் மனிதரைக் கொண்டுதான் நடக்கும். அதன் நெஞ்சுக்குள் உட்கார்ந்து கைகளையும் கண்களையும் ஆள்பவர் ஒருவர். ஆனால் அத்தனை உயரத்தில் ஆடிக்கொண்டே உட்கார்ந்திருப்பவரால் சமநிலையையும் சேர்த்துப் பார்க்க முடியாது. ஜைரோ வைத்துப் பார்த்தார்கள். அது சொல்வதை மூளை நம்பவில்லை. பத்து எட்டில் வாந்தி, பதினைந்தாவது எட்டில் விழுந்தார்கள். இன்னொரு மனிதரின் காதும் கணுக்காலும் சொன்னபோதுதான் நம்பியது. பேருடல் சாய்ந்தால் சுற்றறையின் தகடு சாயும். தகட்டில் நிற்பவர் யோசிக்காமலே காலை அழுத்தித் தன்னைச் சரிசெய்துகொள்வார். அந்த அழுத்தம் ரேடியோவில் போய்ப் பேருடலின் பாதத்தை அழுத்தும்.

ஆள்பவருக்குக் கை என்று பெயர். நிற்பவருக்குக் கால். ஒருவரைப் பற்றி விசாரிக்கும்போது யார் பிள்ளை என்று கேட்பதற்கு முன் யாருடைய கால் என்று கேட்பது அந்த நிலாவின் வழக்கம்.

"அண்ணா, நின்னாச்சா?" என்று காதுக்குள் லின் கேட்டாள்.

"நின்னாச்சு."

"அப்ப வண்டிய எடுப்போமா, வெண்ண?"

மருதவாணன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். லின் வடகரைக்காரி. போர்க்காலத்தில் தென்கரையின் பழுதுக் கொட்டகை ரேடியோவை ஏழு வருடம் ஒட்டுக்கேட்டே தமிழ் கற்றவள். மெக்கானிக்குகள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதெல்லாம் மரியாதைச் சொற்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவனும் திருத்தவில்லை. தென்கரையிலிருந்து இங்கே வந்த நான்கு மாதத்தில் அவன் காதில் விழும் ஒரே தமிழ் அதுதான்.

லின் கையை அசைத்தாள். வடகரையின் பேருடலான வெண்கொக்கு, மருதவாணனின் கால்களால் ஏரிக்குள் இறங்கியது.

எதிரியின் பேருடலுக்கு அவன் எப்படிக் கால் ஆனான் என்றால், அதுதான் கால்மாற்று. ஏரியின் நடுவே உள்ள பாறையில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. அதற்காக இரண்டு ஊரும் பதினோரு வருடம் அடித்துக்கொண்டன. கடைசியில் ஒருவர் சொல்லை ஒருவர் நம்ப முடியாத நிலையில் கண்ட வழி இது. தென்கரைப் பேருடலுக்கு வடகரைக்காரர் கால். வடகரைப் பேருடலுக்குத் தென்கரைக்காரர் கால். தென்கரைப் பேருடல் வடகரையைத் தாக்கப் புறப்பட்டால், அதன் கால் தன் சொந்த ஊர் தாக்கப்படுவதைப் பார்த்துத் தகட்டில் உட்கார்ந்துவிடுவார். பேருடல் விழுந்துவிடும். துப்பாக்கியைக் காட்டி நிற்கச் சொல்ல முடியாது. பயந்த கால் நிற்காது. கையும் காலும் ஒரே இடத்தில் பழகினால்தான் நடை கூடும் என்பதால், கால்கள் இருவரும் எதிர் ஊரில் குடியிருக்க வேண்டும். பன்னிரண்டு வருடம். இது இன்னும் முத்திரையாகவில்லை. இருபது நாளில், நடுப்பாறையில் ஊற்றை மூடியிருக்கும் பெருந்திருகை இரண்டு பேருடல்களும் சேர்ந்து திறக்க வேண்டும். திறந்தால் ஒப்பந்தம் நிலைக்கும். தவறினால் எல்லோரும் அவரவர் வீட்டுக்கு.

அவரவர் வீடு என்றால் மருதவாணனுக்குப் பூங்கோதை.

ஒன்பது வருடம் அவளுக்குக் காலாக இருந்தவன் அவன். மனைவியானது அதற்குப் பிறகு. தென்கரைப் பேருடலான வேழத்தின் நெஞ்சில் அவள், சுற்றறையில் இவன். பணி முடிந்ததும் அன்றைய நடையின் பதிவுகளைப் போட்டுப் பார்ப்பான். அப்படித்தான் அந்தத் தயக்கம் கண்ணில் பட்டது. ஒவ்வொரு நீண்ட எட்டிலும், இடது பாதம் தரையைத் தொடுவதற்கு ஓர் இமைப்பொழுது முன்னால், வேழம் சற்றே நிதானிக்கும். தூங்கும் குழந்தையின் அறைக்குள் வருகிறவர் காலை வைக்கிற மாதிரி. நாற்பது மீட்டர் இரும்பை இவ்வளவு மெதுவாக வைக்கத் தெரிந்தவள் எப்படிப்பட்டவளாக இருப்பாள் என்று நினைத்தான். அங்கேதான் விழுந்தான். எல்லோரும் அதைக் கோதையின் நடை என்றே சொன்னார்கள். பேருடலின் நெஞ்சில் தெரிவது கையின் முகம்தானே.

இப்போது வேழத்துக்குக் கால், வெய் என்பவன். லின்னின் கணவன்.

"அண்ணா, அதோ வர்றாங்க," என்றாள் லின்.

ஆரஞ்சு மூட்டத்துக்குள் வேழம் வந்தது. மருதவாணன் திரையையே பார்த்தான். முதல் மாதம், தாங்கு கயிறு கட்டிய பயிற்சி நடையில், வேழம் மூன்று முறை விழுந்தது. அப்போது அவன் வெளியே வருத்தப்பட்டான். உள்ளே யாரோ முதுகில் தட்டிக்கொடுத்தது போல இருந்தது. இரண்டாம் மாதம் தடுமாற்றம் நின்றது. மூன்றாம் மாதம் அந்தத் தயக்கம் திரும்பி வந்துவிட்டது. இடது பாதம். ஓர் இமைப்பொழுது. அதே மென்மை.

இத்தனை நாள் அது தனக்காக என்று நினைத்திருந்தான். தன் காதை நம்பி, தன் காலை நம்பி அவள் தளர்ந்துகொடுப்பது என்று. இதோ இன்னொருவனிடமும் அப்படியே தளர்கிறாள். மூன்றே மாதத்தில்.

"அண்ணா! சாயுது!"

கணுக்காலை அழுத்தினான். வெண்கொக்கு நிமிர்ந்தது.

"என்ன யோசன?"

"ஒண்ணுமில்ல. சேறு."

"சேறு எனக்கும் தெரியுது அண்ணா. இது சேறில்ல," என்றாள் லின்.

முத்திரை நாளுக்கு மூன்று நாள் முன்பு தென்கரையின் தூதுக்குழு வடகரைக்கு வந்தது. குழுவில் அவை உறுப்பினர் நப்பின்னையும் இருந்தார். ஊற்றுக் காவல் படைக்குப் பதினோரு வருடமாகத் தலைமை தாங்கியவர். ஒப்பந்தம் நிலைத்தால் அந்தப் படையே கலைந்துவிடும். மருதவாணனின் அறைக்கு வந்து உட்கார்ந்து, ஒரு டப்பாவைத் திறந்து வைத்தார். பொரிவிளங்காய் உருண்டை.

"சாப்பிடு தம்பி. நம்ம ஊர் ருசி. இங்க என்னத்தப் போடறாங்களோ, எளைச்சுப் போயிட்ட."

"இல்லம்மா, நல்லாத்தான் போடறாங்க. கோதை எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன." நப்பின்னை புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "நல்லா இருக்கா. சிரிச்ச முகமா இருக்கா. அந்த வெய் பயலுக்கு எடம் இல்லன்னு உங்க வீட்டு மாடியிலதான் தங்க வெச்சிருக்கு. உனக்கு எழுதியிருப்பாளே?"

எழுதியிருக்கவில்லை.

"பணி முடிஞ்சும் ரெண்டு பேரும் அந்தப் பதிவையெல்லாம் போட்டுப் போட்டுப் பாக்குறாங்களாம். நான் ஒண்ணும் தப்பா சொல்லல. ஊரு சொல்லுது."

பதிவு பார்ப்பது. பணி முடிந்து. மருதவாணன் எடுத்த உருண்டையை டப்பாவிலேயே திரும்ப வைத்தான்.

"எதுக்கு வந்தீங்கம்மா?"

"உன்னப் பாக்கத்தான்." குரலைத் தாழ்த்தினார். "பெருந்திருகு மூணு சுத்து. மூணாவது சுத்துலதான் பாரம் எல்லாம் இடது கால்ல வரும். அப்ப வெண்கொக்கு ஒரு முழம் சறுக்கினா, திருகு பாதியில நின்னுடும். ஒப்பந்தம் அன்னிக்கே செத்துது. அடுத்த கப்பல்ல நீ வீட்டுல இருப்ப, அந்தப் பய அவன் வீட்டுல இருப்பான்."

"கோதைக்கு எதாவது..."

"வேழம் எதிர்ப்பக்கம். ஒரு கீறல் விழாது."

"லின்?"

"ஆழமில்லாத ஏரி தம்பி. தூக்கிட மாட்டாங்களா?"

மாட்டார்கள் என்று இருவருக்கும் தெரியும். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நூற்றெண்பது டிகிரி. நடுப்பாறையில் தாங்கு கயிறும் கிடையாது. நாற்பது மீட்டரிலிருந்து விழும் நெஞ்சுக் கூண்டின் கண்ணாடியில் ஒரு விரிசல் போதும்.

"காலு சறுக்கறது யாரு தப்பும் இல்ல," என்று எழுந்தார் நப்பின்னை. "யாராலயும் நிரூபிக்கவும் முடியாது. டப்பா இருக்கட்டும்."

அவன் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது எதுவென்று அந்த மூன்று நாளும் அவனுக்கே தெரியவில்லை. கண்ணை மூடினால் தன் வீட்டுக் கூடத்தில், தான் உட்காரும் பக்கத்தில், இன்னொருவன் உட்கார்ந்து பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முத்திரை நாளில் இரண்டு ஊரின் அவையினரும் கரையில் கூடியிருந்தார்கள். சுற்றறை ஓடத் தொடங்கியது. எடை வந்தது. தகடு காலுக்குக் கீழே உயிர்பெற்றது.

"நின்னாச்சா அண்ணா?"

"நின்னாச்சு."

நடுப்பாறைக்கு நாற்பது நிமிட நடை. பாதி வழியில் வேழம் மூட்டத்திலிருந்து வெளிப்பட்டது. தயங்கி, வைத்து, தயங்கி, வைத்து, அத்தனை அழகாக வந்தது. முடிவெடுக்க மனதுக்கு நேரம் வேண்டும், கணுக்காலுக்கு வேண்டாம். மருதவாணன் எதையும் தீர்மானிப்பதற்கு முன்பே வெண்கொக்கு இடப்பக்கம் சரிந்தது. லின் கையை வீசி ஒரு பாறையைப் பற்றிக்கொண்டாள். இருவரும் மூச்சு வாங்கினார்கள்.

"அங்க பாக்காதீங்க அண்ணா," என்றாள் அவள். "நானும் பாக்கறதில்ல."

"நீ எதுக்குப் பாக்காம இருக்கணும்?"

"எதுக்கா? உங்களுக்கு மட்டும்தான் வயிறு எரியுமா?" அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. "என் புருஷன் பதினோரு வருஷம் எனக்குக் காலா இருந்தான். குதிகால தடால்னு வெச்சு, வாத்து மாதிரி ஆடி ஆடி நடப்பான். எவ்ளோ தூரத்துல இருந்து பாத்தாலும் எனக்குத் தெரியும், அது வெய்னு. இப்பப் பாருங்க. அது வெய்யா? அது நீங்க!"

"நானா?"

"பின்ன யாரு? அந்த இடது கால் இழுப்பு. தொடறதுக்கு முன்னாடி ஒரு நொடி யோசிக்கறது. நான் நாலு மாசமா தெனமும் உக்காந்திருக்கேனே அதுல! இடது கணுக்கால் பேரிங் ரெண்டு தடவ மாத்தியாச்சு உங்களால."

"அது கோதையோட நடை," என்றான் மருதவாணன். அவன் குரல் அவனுக்கே தூரத்தில் கேட்டது.

"நடக்கறது காலு அண்ணா. கையில்ல. உங்க ஊர்ல யாருமே இத யோசிக்கலியா?"

யாரும் யோசிக்கவில்லை. அவனும் யோசிக்கவில்லை. தன் இமை மூடித் திறப்பதை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்? தகட்டின் மேல் நிற்பவனுக்குத் தன் தயக்கம் தெரியாது. அவன் கண்டதெல்லாம் வேழத்தின் பதிவு. வேழத்தின் நெஞ்சில் கோதையின் முகம்.

"கால் மாத்தறதுக்கு முன்னாடி எனக்குக் கோதை அக்கா குறிப்பு எழுதினாங்க, உங்களப் பத்தி," லின் தொடர்ந்தாள். "பதினாலு பக்கம். 'இடது காலை வைக்கும்போது தயங்குவார், பயப்படாதே, அது வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொள், வைத்துவிட்டால் மலை மாதிரி நிற்பார்'னு. அப்புறம் வெய் அங்க போனான். அக்காவால அவன் கால்ல நடக்கவே முடியல. மூணு தடவ விழுந்தாங்க. கடைசியில பழைய பதிவு எல்லாத்தையும் எடுத்து, ரெண்டு மாசம் அவன உக்கார வெச்சு, உங்க தயக்கத்த அவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. வெய் எனக்கு எழுதினான். 'செத்தவன் சட்டையப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு'ன்னு."

திரையில் வேழம் நெருங்கி வந்துகொண்டிருந்தது. மருதவாணனுடைய கால்களில்.

பெருந்திருகு என்பது ஒரு கிடைமட்டச் சக்கரம். எதிரெதிரே இரண்டு பிடி. ஒரு பேருடல் தள்ளினால் அசையாது; இரண்டு தள்ளினால் சுற்றும். முதல் சுற்றில் பனி உடைந்தது. இரண்டாவதில் அடியிலிருந்து உறுமல் வந்தது. மூன்றாவது சுற்றில் பாரம் இடது காலுக்கு மாறியது. அப்போது, யாரும் சதி செய்யாமலே, காலடிச் சேறு நிஜமாகவே நெகிழ்ந்தது.

"அண்ணா!"

விட்டுவிட்டால் போதும். யாராலும் நிரூபிக்க முடியாது. அடுத்த கப்பலில் வீடு. அங்கே, தன் தயக்கம் இல்லாமல் நடக்க மறுத்த ஒருத்தி. மருதவாணனின் நெஞ்சு முழுக்க அவள் இருந்தாள். காதுக்குள் லின்னின் மூச்சு இருந்தது. இடது பாதத்தைத் தூக்கிப் புதிய இடத்தில் வைக்க வேண்டும். தூக்கினான். வைக்க வரவில்லை. தன் தயக்கத்தைத் தெரிந்துகொண்டுவிட்டான் அல்லவா? தெரிந்தபின் கால் எப்போது தயங்க வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று அவனையே கேட்டது. தகடு சரிந்துகொண்டே போனது.

"லின், ஏதாவது பேசு. நடையப் பத்தி வேண்டாம். வேற ஏதாவது."

"என்னத்தப் பேசறது! மண்டையில மசாலா இருக்கா ஒனக்கு? நட்டு கழண்ட பயலே, பொழுது விடிஞ்சா ஸ்பேனரத் தேடற மூஞ்சி..."

கொட்டகையின் ஏழு வருட வசவும் ஒரே மூச்சில் வந்தது. அவள் அதை மந்திரம் போல, மிகுந்த மரியாதையோடு சொன்னாள். மருதவாணன் சிரித்துவிட்டான். சிரித்த நேரத்தில் பாதம் தானே இறங்கிப் பாறையைப் பிடித்தது. வெண்கொக்கு நின்றது. பெருந்திருகு மூன்றாவது சுற்றையும் முடித்தது. ஊற்று இரண்டு குழாயிலும் பாய்ந்தது.

கரையில் கைதட்டினார்கள். நப்பின்னை கப்பலேறும் முன் அவனைப் பார்த்து, "நல்லா நின்ன தம்பி," என்றார். அதில் வாழ்த்து இல்லை.

மாதம் ஒரு கடிதம் என்பது ஒப்பந்த விதி. முத்திரைக்குப் பிறகு எழுதிய முதல் கடிதத்தில் மருதவாணன் அந்த நடையைப் பற்றி எழுதவில்லை. இரண்டாவதிலும் எழுதவில்லை. எழுதாமல் இருப்பதில் ஒரு இனிப்பு இருந்தது. ஏரியின் அந்தப் பக்கம் அவள் தன் காலில் நடந்துகொண்டிருக்கிறாள். வெய் வெறும் சட்டைதான். மாடியில் தங்கட்டும், பதிவைப் பார்க்கட்டும், அவன் எவ்வளவு பழகினாலும் அது மருதவாணனாகப் பழகுவதுதான். முன்பு எரிந்த இடத்தில் இப்போது குளிர்ந்தது. ஆனால் அதுவும் பொறாமைதான், வெற்றிபெற்ற பொறாமை, என்று அவனுக்குப் புரிய ஒரு வேலை நாள் போதுமாக இருந்தது. அன்று வேழம் எதிரே வந்ததும் திரையில் காட்சி விலகியது. லின் கேமராவைத் தூரத்துப் பாறைப் பக்கம் திருப்பிவிட்டாள். முத்திரை நாளுக்குப் பிறகு எப்போதும் இப்படித்தான் திருப்புகிறாள் என்பதை அன்றுதான் கவனித்தான்.

மூன்றாவது கடிதத்தில் எழுதினான். "வெய்யை அவன் காலிலேயே நடக்கவிடு. தயக்கத்தால் இடது பேரிங் தேய்கிறது." பேரிங் காரணம் போதும் என்று அதோடு நிறுத்தினான்.

பூங்கோதையின் பதில் நான்கு வரி. "அது உன்னுடையது என்று எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். நீ என்னுடையது என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தபோது திருத்த மனம் வரவில்லை. வெய்யை, பாவம், ரொம்ப வதைத்துவிட்டேன். ஒரு மாதம் அவகாசம் கொடு. விழுவேன், பயப்படாதே."

விழுந்தாள் என்று கேள்விப்பட்டான். பயிற்சிக் கயிற்றில், இரண்டு முறை. பிறகு விழவில்லை என்றும் கேள்விப்பட்டான்.

அடுத்த கூட்டுப்பணி குழாய் பதிப்பது. மூட்டம் அன்று கொஞ்சம் தெளிவாக இருந்தது. தெற்கிலிருந்து வேழம் வந்தது. குதிகாலைத் தடாலென்று வைத்து, இரண்டு பக்கமும் ஆடி ஆடி, சேற்றை நாலாபுறமும் தெறிக்கவிட்டு வந்தது. அதன் நெஞ்சுக்குள் பூங்கோதை இருந்தாள். வெளியிலிருந்து பார்த்தால் அவள் இருக்கிறாள் என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. இனி அவள் எப்படி நடப்பாள் என்பதை மருதவாணன் தினமும் புதிதாகப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், ஊரில் மற்றவர்களைப் போல.

காட்சி விலகவில்லை. கேமரா அசையாமல் வேழத்தின் மேலேயே நின்றது.

"அண்ணா," என்றாள். "அது அவன்தான்."

வெண்கொக்கு லேசாக ஆடியது. மருதவாணன் பெருவிரல்களை அழுத்தி, இரண்டு கணுக்காலையும் இறுக்கிக்கொண்டான்.

"நீ பாரு," என்றான். "நான் நிக்கிறேன்."